பலமான அணிக்கு அந்த ஒரே எதிரியிடம் மட்டும் ஏன் நடுக்கம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்தில் வேலை பார்க்கும் என் தம்பி, ஓஹையோ ஸ்டேட் கல்லூரி அணியின் தீவிர ரசிகன் ஆகிவிட்டான். வருஷம் முழுக்க அந்த அணி எல்லாரையும் அடித்து நொறுக்குகிறது. ஆனால் நவம்பர் வந்து மிச்சிகன் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், தோற்றுவிடுவோமோ என்று அவனும் நண்பர்களும் விடிய விடிய வாதாடுகிறார்கள். இதில் ஆட்டக் காரணம் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் சகுனம் பார்க்கிற கதையா?"

இரண்டும் இருக்கிறது. ஆட்டக் காரணம் முக்கால் பங்கு, சகுனம் கால் பங்கு. தம்பியைக் கேலி செய்ய வேண்டாம். நானும் அந்த ஊரில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவன், நான்கு நவம்பர்கள் வரிசையாக அடி வாங்கியவன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இது மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமான அமெரிக்க ஃபுட்பால். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி, அப்புறம் உதைக்கு ஒன்று. அது முடியாவிட்டால் தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம், அது ஃபீல்டு கோல். மீதிப் பதிலைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

கல்லூரி ஆட்டம் என்றதும் நம் ஊர் இன்டர்-காலேஜ் போட்டியை நினைத்துவிடக் கூடாது. கொலம்பஸில் இருக்கும் ஓஹையோ ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். மிச்சிகனின் மைதானம் ஆன் ஆர்பர் என்ற சிறிய ஊரில் இருக்கிறது. அதில் ஒரு லட்சத்து ஏழாயிரம். இரண்டு ஊருக்கும் இடையே காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். ஆட்டம் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை, நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விருந்து முடிந்த சனிக்கிழமை. முதல் ஆட்டம் 1897-இல் நடந்தது, மிச்சிகன் 34-0 என்று வென்றது. 1918-க்குப் பிறகு விட்டுப்போனது ஒரே வருஷம்தான், கொரோனா வந்த 2020.

பகை ஆட்டத்துக்கும் முந்தியது. டொலிடோ நகரம் யாருக்கு என்று 1835-இல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஓஹையோவும் மிச்சிகனும் ஆள் திரட்டி எல்லையில் நின்றன. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஓஹையோவுக்கு டொலிடோ கிடைத்தது. மிச்சிகனுக்கு ஆறுதலாக வடக்கே ஒரு பெரிய காட்டு நிலத்தைக் கொடுத்தார்கள், பிறகு அதில் செம்பும் இரும்பும் வெட்டி எடுத்தார்கள். வரப்புத் தகராறு பேரன் காலம் வரை ஓடுவது நமக்குப் புதிதில்லையே. இன்றும் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஓஹையோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் மிச்சிகனின் முதல் எழுத்தான 'எம்' வரும் இடத்தில் எல்லாம் சிவப்பு நாடாவால் குறுக்கே போட்டு மறைப்பார்கள். பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், "வடக்கே இருக்கிற அந்த அணி" என்பார்கள். மிச்சிகனை வென்ற வருஷம் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் கால்சட்டை வடிவத்தில் சின்னத் தங்கப் பதக்கம் தருவார்கள். "அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள்" என்று 1934-இல் பயிற்சியாளர் பிரான்சிஸ் ஷ்மிட் சொன்னதிலிருந்து வந்த பழக்கம் அது.

சரி, நடுக்கத்துக்கு வருவோம்.

உங்கள் தம்பி வயதுக்காரர்களின் பயம் 2021-இலிருந்து தொடங்குகிறது, அந்த வருஷம் முதல் 2024 வரை நான்கு முறையும் தோல்வி. ஊரில் வயதானவர்களின் பயம் வேறு, அதன் பெயர் ஜான் கூப்பர். 1988 முதல் 2000 வரை பயிற்சியாளராக இருந்தவர். நல்ல பயிற்சியாளர், அருமையான ஆட்டக்காரர்களைச் சேர்த்தவர். ஆனால் மிச்சிகனுக்கு எதிராக அவர் கணக்கு இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு சமன். 1995-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் ஆன் ஆர்பர் போனார்கள். மிச்சிகனின் பியாகபுடுகா என்ற ஓட்டக்காரர் தனி ஆளாக 313 யார்டு ஓடினார், 31-23 என்று மூட்டை கட்டித் திரும்பினார்கள். அடுத்த வருஷம் சொந்த ஊரில், மறுபடி தோல்வியே இல்லாமல் வந்து, இடைவேளையில் 9-0 முன்னிலையில் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் அணியின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஷான் ஸ்பிரிங்ஸ் புல்லில் வழுக்கி விழுந்தார். அவர் காத்துக்கொண்டிருந்த ஆள் பந்தை வாங்கி 69 யார்டு ஓடிவிட்டார். 13-9. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று மைதானத்தில் இருந்தவர். அந்த வழுக்கலைச் சொல்லும்போது இன்றும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார்.

அப்புறம் காற்று மாறியது. 2001 ஜனவரியில் புதிதாக வந்த ஜிம் டிரெஸ்ஸல், கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே மைக்கைப் பிடித்து, இன்னும் 310 நாளில் ஆன் ஆர்பரில் எங்கள் பையன்களைப் பார்த்துப் பெருமைப்படுவீர்கள் என்றார். நாளை எண்ணிச் சொன்னதிலேயே ஊர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பத்து வருஷத்தில் ஒரு முறைதான் மிச்சிகனிடம் தோற்றார். அவருக்குப் பின்னால் வந்த அர்பன் மையர் ஏழுக்கு ஏழு வென்றார். அந்தக் காலத்தில் மிச்சிகன்காரர்கள்தான் விடிய விடிய வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் இரண்டு கூடுதல் நேரம் போய், நான்காவது டவுனில் ஓஹையோ ஸ்டேட் எட்ட வேண்டிய கோட்டை எட்டியதா இல்லையா என்ற அங்குலக் கணக்கில் ஆட்டம் கைமாறியது. ஆன் ஆர்பரில் இன்றும் அதைக் கேட்டால் சோறு ஆறிவிடும், பேச்சு முடியாது.

ஆக, சாபம் என்பது எந்தப் பக்கத்திலும் நிரந்தரமாக இல்லை. ஒரு பத்து வருஷம் இங்கே இருக்கும், அடுத்த பத்து வருஷம் அங்கே போகும். இதைச் சொன்னால் ரசிகர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரே ஆட்டம் என்பதால் ஒவ்வொரு தோல்வியும் 365 நாள் ஊறுகிறது.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு வருஷமும் வெல்ல நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உள்ள அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நான்கு வருஷம் தொடர்ந்து தோற்க உள்ள வாய்ப்பு நாற்பதில் ஒன்று. அபூர்வம்தான். ஆனால் உயர்நிலைப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உண்டு, அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பரம எதிரி உண்டு. எங்கேயாவது யாருக்காவது இந்த நாற்பதில் ஒன்று விழுந்தே தீரும். கொலம்பஸில் விழுந்தது. இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதல். 2024 நவம்பர் 30-ஐ நினைத்தால் மட்டும் இது வேலை செய்யாது.

அந்த நாளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

அன்று மிச்சிகன் ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு கொலம்பஸ் வந்தது. முந்தைய வருஷம் தேசிய சாம்பியன் ஆன அணிதான், ஆனால் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார், குவாட்டர்பேக்கும் போய்விட்டார். குவாட்டர்பேக் என்றால் பந்தை எறிகிறவர், அணியின் மூளை. மிச்சம் இருந்தவர்களில் பந்து பிடிப்பதில் சிறந்தவரான கோல்ஸ்டன் லவ்லாண்டும் தடுப்பில் சிறந்தவரான வில் ஜான்சனும் காயத்தால் ஆடவில்லை. பந்தயம் கட்டுகிறவர்கள் ஓஹையோ ஸ்டேட் இருபது புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்றார்கள். கல்லூரி ஃபுட்பாலில் இந்த மாதிரிக் கணிப்புக்கும் முடிவுக்கும் சராசரியாக இரண்டு டச்டவுன் அளவு விலகல் சகஜம். அதனால் இருபது புள்ளி பெரிய அணி, பத்துப் பதினைந்து ஆட்டத்துக்கு ஒன்று தோற்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஒன்று இதுவாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஓஹையோ ஸ்டேட்டிடம் அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்த ரிசீவர்கள் இருந்தார்கள்: ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா, கார்னெல் டேட். எறிந்தால் பிடிக்கக்கூடிய ஆட்கள். மிச்சிகனிடம் இருந்த ஒரே பெரிய பலம் நடுவில் நின்ற இரண்டு மலைகள், மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். முன்வரிசைத் தடுப்பில் நிற்பவர்கள். அவர்களைச் சமாளிக்க வேண்டிய ஓஹையோ ஸ்டேட் முன்வரிசையில் அந்த சீசனிலேயே இரண்டு முக்கிய ஆட்கள் காயமாகி வெளியே போயிருந்தார்கள்: இடது ஓரத்தில் ஜாஷ் சிமன்ஸ், நடுவில் சேத் மெக்லாக்லின். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தத் தகவலைக் கொடுத்தால், "ஓரத்தில் எறிந்து ஆடு, நடுவில் போகாதே" என்று சொல்லிவிடும்.

ஓஹையோ ஸ்டேட் நடுவில் போனது. மறுபடி போனது. மறுபடியும் போனது. மொத்தம் 26 ஓட்டத்தில் 77 யார்டு, ஓர் ஓட்டத்துக்கு மூன்று யார்டு. இடைவேளையில் 10-10. இரண்டாம் பாதியில் ஓஹையோ ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆட்டம் முழுவதிலும் இரண்டு ஃபீல்டு கோல் தவறின, இரண்டு எறிதல்களை எதிராளிகள் பிடித்தார்கள். மிச்சிகன் ஒன்றும் பிரமாதமாக ஆடவில்லை. எறிந்து ஆடி எடுத்தது வெறும் 62 யார்டு. ஆனால் கடைசியில் கேலெல் மல்லிங்ஸ் 27 யார்டு ஓடி வழி திறந்தார். 45 விநாடி இருக்கும்போது டொமினிக் ஸ்வாடா கிட்டத்திலிருந்து உதைத்தார். 13-10.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அந்தக் குளிரில் வெளியே போய் இலை வார ஆரம்பித்தார். மைதானத்தில் மிச்சிகன்காரர்கள் நடுவில் கொடி நட்டார்கள், கைகலப்பு ஆகி, போலீஸ் மிளகுப்பொடி ஸ்பிரே அடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்துக்கு முன்பே ஓஹையோ ஸ்டேட் பயிற்சியாளர் ரயன் டே, தன் தந்தையை இழந்தது போன்ற சில துக்கங்களுக்கு அடுத்து மிச்சிகனிடம் தோற்பதுதான் குடும்பத்துக்கு வந்த பெரிய துன்பம் என்கிற அர்த்தத்தில் பேசியிருந்தார். இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் ஆட்டத்துக்கு வந்தால் என்ன ஆகும்?

என் பதில் ஒரே வார்த்தை: ரோஷம். ஓஹையோ ஸ்டேட் அன்று வெல்வதற்காக ஆடவில்லை, ஒரு பழிச்சொல்லைப் பொய்யாக்குவதற்காக ஆடியது.

அந்தப் பழிச்சொல் எப்படி வந்தது என்று பாருங்கள். 2021-இல் பனி தூறும் ஆன் ஆர்பரில் மிச்சிகன் 42-27 என்று வென்றது. அன்று மிச்சிகன் ஓடியே 297 யார்டு எடுத்தது, ஹஸன் ஹாஸ்கின்ஸ் ஒருவரே ஐந்து டச்டவுன். நேருக்கு நேர் தள்ளிவிட்டு ஓடினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஹார்பா, சிலர் மூன்றாவது பேஸில் நின்றுகொண்டு தாங்களே அடித்து அங்கே வந்ததாக நினைக்கிறார்கள் என்று பேஸ்பால் பாஷையில் ஒரு குத்துக் குத்தினார். நம் பாஷையில், அப்பன் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி வேஷம் போடுகிறார்கள் என்று அர்த்தம். மையர் கட்டிவைத்த அணியை வாங்கிக்கொண்ட ரயன் டேயைத்தான் சொன்னார் என்று எல்லாருக்கும் புரிந்தது. அன்றிலிருந்து ஓஹையோ ஸ்டேட் என்றால் நளினமான அணி, மோதத் தெரியாத அணி என்று ஒரு பேச்சு.

இந்தப் பேச்சு எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதற்கு 2023 செப்டம்பரில் ஒரு சாட்சி கிடைத்தது. நோட்ர டேம் அணியின் பழைய பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸ், முரட்டு அணிகள் வந்தால் ஓஹையோ ஸ்டேட் தாங்காது என்று தொலைக்காட்சியில் சொன்னார். நோட்ர டேமோடு நடந்த ஆட்டத்தில் கடைசி விநாடியில் ஒரு யார்டு ஓடி 17-14 என்று வென்றதும், ரயன் டே மைக் முன்னால் வந்து பேசியது ஆட்டத்தைப் பற்றி அல்ல, 86 வயதான அந்தப் பெரியவரைப் பற்றி. இத்தனைக்கும் அந்தக் கடைசி ஓட்டத்தின்போது நோட்ர டேம் பக்கம் பதினோரு பேருக்குப் பதில் பத்துப் பேர்தான் மைதானத்தில் நின்றார்கள்! முரட்டுத்தனத்தை நிரூபித்த ஓட்டம் என்று அதைச் சொல்வது எனக்கு அப்போதே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

இப்படி நெஞ்சில் முள் வைத்துக்கொண்டு இருக்கிற ஒருவர், மிச்சிகனின் இரண்டு மலைகளைப் பார்த்ததும் "சுற்றிக்கொண்டு போகலாம்" என்று நினைக்க மாட்டார். "உன்மேல் ஏறிப் போகிறேன் பார்" என்றுதான் நினைப்பார். அதைத்தான் மிச்சிகன் எதிர்பார்த்தது. தொல்லை கொடுக்கும் எதிரியின் உண்மையான பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவன் உன்னைவிட நன்றாக ஆட வேண்டியதில்லை. உன் யோசனையை மாற்றினால் போதும்.

இது என் கற்பனையா என்று கேட்டால், அடுத்த ஏழு வாரத்தைப் பாருங்கள். 2024-இலிருந்துதான் சாம்பியன் போட்டிக்குப் பன்னிரண்டு அணிகளை எடுக்கிறார்கள். அதனால் மிச்சிகனிடம் தோற்றும் ஓஹையோ ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்தது. முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில் டென்னிசியோடு. வெறுத்துப்போன கொலம்பஸ்காரர்கள் பலர் டிக்கெட்டை விற்றுவிட்டார்கள், மைதானத்தில் டென்னிசியின் ஆரஞ்சு நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அதே ஆட்டக்காரர்கள், அதே பயிற்சியாளர், காயம் பட்ட அதே முன்வரிசை. ஆரம்பத்திலிருந்தே ரிசீவர்களுக்கு எறிந்தார்கள். முதல் கால்பகுதியில் 21-0. முடிவு 42-17. அடுத்து, அந்த வருஷம் அதுவரை தோற்காத ஆரிகனை 34-0 வரை கொண்டுபோய் 41-21. டெக்ஸஸை 28-14. கடைசியில் 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன். நாட்டிலேயே சிறந்த அணி எது என்று சந்தேகமில்லாமல் காட்டிய அணி, ஏழு வாரத்துக்கு முன்னால் 62 யார்டு எறிந்த அணியிடம் தோற்றிருக்கிறது. திறமைக் குறைவு என்று இதை எப்படிச் சொல்ல முடியும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. நான்கு தோல்வியையும் ஒரே காரணத்தில் மூட்டை கட்டக் கூடாது, ரசிகர்கள் செய்யும் பெரிய தப்பு அது. 2021-இல் நிஜமாகவே தள்ளிவிட்டார்கள். 2022 அப்படி இல்லை. இடைவேளையில் ஓஹையோ ஸ்டேட் 20-17 முன்னிலை. பிறகு தடுப்பாட்டக்காரர்களை எல்லாம் முன்னால் அனுப்பிப் பின்னால் காலி விட்டதால் 75 யார்டு, 85 யார்டு என்று நீள ஓட்டங்களாக விட்டுக்கொடுத்து 45-23 என்று முடிந்தது. அது பலவீனம் இல்லை, சூதாட்டம் போன வழி. 2023 உண்மையிலேயே சமபலமான ஆட்டம். மிச்சிகன் அந்த வருஷம் சாம்பியன் ஆன அணி, கணிப்பும் லேசாக அவர்கள் பக்கம்தான். கடைசி நிமிஷத்தில் ஓஹையோ ஸ்டேட் எறிந்த பந்தை ராட் மூர் பிடித்தார், 30-24. அதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2024 மட்டும்தான் கையில் இருந்த ஆட்டத்தைத் தானாகத் தூக்கிக் கொடுத்தது.

ரசிகர் வாதங்களில் இன்னொரு பெரிய பங்கு சைகைத் திருட்டு. பயிற்சியாளர்கள் ஓரத்திலிருந்து கைச்சைகையில் அடுத்த ஆட்டத்தைச் சொல்வார்கள். எதிரணியின் மற்ற ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி அந்தச் சைகைகளைப் பதிவு செய்வது விதிப்படி தப்பு. மிச்சிகனின் ஊழியர் ஒருவர் அதைச் செய்தார் என்பது 2023 அக்டோபரில் வெளியே வந்தது. ஹார்பாவை அந்த வருஷ வழக்கமான சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு ஒதுக்கிவைத்தார்கள், 2025 ஆகஸ்டில் தேசிய அமைப்பு பெரிய அபராதமும் போட்டது. "அப்படியென்றால் 2021, 2022 வெற்றியெல்லாம் கள்ள வெற்றி" என்று கொலம்பஸில் ஒரு கோஷ்டி. உதவியிருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஹஸன் ஹாஸ்கின்ஸ் மூன்று பேரைச் சுமந்துகொண்டு ஓடியதற்குச் சைகை காரணம் இல்லை. அதோடு விஷயம் வெளியே வந்த பிறகு, ஹார்பா மைதானத்திலேயே இல்லாதபோது, 2023-இலும் தோற்றோம். அவர் ஊரை விட்டே போன பிறகு 2024-இலும் தோற்றோம். இந்தச் சாக்கைச் சொல்லச் சொல்ல நம் அணி செய்த தப்பு மறைந்துபோகிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். (மிச்சிகன் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு எனக்கு இனிப்பு வாங்கி அனுப்புவார் என்று நினைக்கிறேன்.)

அப்புறம் 2025 நவம்பர் 29. ஓஹையோ ஸ்டேட் மறுபடி ஒரு தோல்வியும் இல்லாமல் ஆன் ஆர்பர் போனது. புதுக் குவாட்டர்பேக் ஜூலியன் சேயின் தொடக்கத்திலேயே ஒரு பந்தை எதிராளி கையில் கொடுத்தார். மிச்சிகன் இரண்டு ஃபீல்டு கோல் அடித்து 6-0. அந்த நேரத்தில் என் வாட்ஸ்அப் குழு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் குழுவை விட்டே வெளியேறினார். அப்போதுதான் ஒரு நான்காவது டவுன் வந்தது. பத்திரமாக ஃபீல்டு கோல் பார்க்கலாம், அல்லது நடுவில் முட்டலாம். இரண்டும் இல்லாமல், ஜெரமையா ஸ்மித்துக்கு நீளமாக எறிந்தார்கள். டச்டவுன். அந்த ஓர் எறிதலில் முந்தைய வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கத் தெரிந்தது. முடிவு 27-9. மிச்சிகனுக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை. முன்னிலை வந்த பிறகு, பனி கொட்டும்போது, ஓடியே நேரத்தைக் கரைத்தார்கள். வலிமையைக் காட்ட வேண்டிய நேரம் அதுதான், முன்னாலேயே இல்லை.

அடுத்த வாரமே இந்தியானாவிடம் 13-10 என்று தோற்றார்கள், கிட்டத்து ஃபீல்டு கோல் ஒன்றைத் தவறவிட்டு. அதே ஸ்கோர், அதே மாதிரித் தவறு. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் இலை வாரப் போகவில்லை. காபி போட்டுக் கொடுத்து, "பரவாயில்லை, கால்சட்டை வாங்கியாகிவிட்டது" என்றார். அந்தத் தங்கப் பதக்கத்தைச் சொன்னார். தம்பி எந்தக் கூட்டத்தோடு சேர்ந்திருக்கிறான் என்று இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி அடுத்த நவம்பர். ஆட்டம் கொலம்பஸில். மிச்சிகனுக்குப் புதுப் பயிற்சியாளர், கைல் விட்டிங்ஹாம். யூட்டாவில் இருபது வருஷத்துக்கு மேல் அணியை நடத்தியவர். அவர் அணிகளுக்கு எப்போதும் ஒரே பெயர்தான், முன்வரிசையில் முரட்டுத்தனம். அதாவது மறுபடியும் நடுவில் மலைகள் நிற்கும், மறுபடியும் "மோதத் தெரியுமா" என்ற கேள்வி வரும். தம்பியும் நண்பர்களும் அதைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று அவனிடம் கேட்காதீர்கள், சரியான பதில் வராது. மூன்று விஷயத்தைக் கேளுங்கள். ஓஹையோ ஸ்டேட் முன்வரிசையில் காயம் இல்லாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள்? உதைக்கிற பையன் நாற்பது யார்டுக்குள் தவறுகிறவனா? முதல் பத்து முயற்சியில், முதல் டவுனில், பந்து ஓரத்துக்குப் போகிறதா, நடுவுக்குப் போகிறதா? முதல் இரண்டும் ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும். மூன்றாவது ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில் தெரியும், இந்திய நேரத்துக்கு அன்று ராத்திரி பதினோரு மணி வாக்கில். ஒன்றும் கிடைக்காத நடுவில் தொடர்ந்து இரண்டு முறை முட்டினார்கள் என்றால், அன்று ராத்திரி தம்பிக்கு போன் போடாதீர்கள். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்.